வெங்காயமும் மூவகைத் தோஷமும்

உணவு தூய்மையானதா என்ற கேள்வியை இந்தியச் சமய மரபுகள் மிகப் பழங்காலந்தொட்டே கேட்டுவந்துள்ளன. ஆயினும் அத்தூய்மை பொருளின் இயல்பிலேயே அமைந்ததா, அதைத் தருபவரைப் பொறுத்ததா, அல்லது இடையில் வந்து சேரும் அழுக்கினால் கெடுவதா என்பதில் அவை ஒரே விடையைக் கூறவில்லை. இக்கேள்வியை எடுத்து ஆராய்வதற்கு வெங்காயத்தைவிடப் பொருத்தமான காய் வேறொன்று கிடைப்பது அரிது. கோவில் மடைப்பள்ளிக்குள் அதற்கு இடமில்லை. திவசச் சமையலில் இடமில்லை. ஆனால் அதே ஊரின் அடுப்படியில் அது இல்லாமல் ஒரு குழம்பும் தாளிக்கப்படுவதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தின் கிழக்கு முனையில் ராமேசுவரமும், மேற்கில் மிளகாயும் மல்லியும் வெங்காயமும் விளையும் கமுதிப் பக்கத்துக் கரிசல் காடும் இருப்பதால், விலக்கும் மரபும் விளைவிக்கும் உழைப்பும் ஒரே மாவட்ட எல்லைக்குள் எதிரெதிராக நிற்கின்றன. யூரியாவும் களைக்கொல்லியும் வந்த பிறகு இந்த வெங்காயத்தின் தூய்மை பற்றிய பழைய கேள்விக்குப் பழைய விடை போதுமா என்பதே இங்கு ஆராயப்படுவது.

உணவின் தூய்மைக்கும் உள்ளத்தின் தூய்மைக்கும் உள்ள தொடர்பைப் பேசும் சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் அத்தியாயப் பகுதியை இருவேறு ஆசாரியர்கள் இருவேறு வகையில் கொண்டனர். சங்கரர் அங்கு உணவு எனப்படுவதைப் புலன்கள் உள்ளே கொண்டுவரும் அனைத்துமாக விரித்துக்கொள்ள, ராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கப் பகுதியில், தமக்கு முந்தைய வாக்கியகாரரைப் பின்பற்றி, வாயால் உண்ணும் சோற்றையே கருதி, அது மூவகைக் குற்றங்களிலிருந்து நீங்கியதாக இருக்க வேண்டும் என்றார். முதலாவது ஜாதி தோஷம், அதாவது பொருளின் இனத்திலேயே உள்ள குற்றம். இரண்டாவது ஆசிரய தோஷம், அப்பொருள் யாரிடமிருந்து வருகிறதோ அவரைச் சார்ந்த குற்றம். மூன்றாவது நிமித்த தோஷம், தூசி, மயிர், எச்சில் போல இடையில் ஏதோ காரணத்தால் வந்து ஒட்டும் குற்றம். இந்த மூன்றையும் எளிய மொழியில் எடுத்துரைத்துப் பரப்பியவர் விவேகானந்தர். அவருடைய விளக்கத்தில் வெங்காயமும் பூண்டும் முதல் வகைக் குற்றத்துக்கே உதாரணமாக நிற்கின்றன.

முதல் வகைக் குற்றத்தின் வரலாறு நீண்டது. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் இருபிறப்பாளர் உண்ணத் தகாதவற்றைத் தொகுக்கும்போது பூண்டு, வெங்காயம், காளான் ஆகியவற்றோடு அசுத்தமானவற்றிலிருந்து முளைப்பவற்றையும் சேர்த்தே விலக்குகிறது. ஒரே சுலோகத்துக்குள் இரண்டு வெவ்வேறு அளவுகோல்கள் அடுத்தடுத்து நிற்பதைப் பின்வந்தோர் பெரிதாகக் கருதியதாகத் தெரியவில்லை: வெங்காயம் அது வெங்காயம் என்பதற்காகவே விலக்கப்படுகிறது, பிந்தையவையோ அவை விளைந்த இடத்துக்காக விலக்கப்படுகின்றன. மரபு முதலதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ராமேசுவரத்துக்கு வரும் வடநாட்டு யாத்திரிகருக்காக வெங்காயமும் பூண்டும் சேராத சாப்பாடு என்று பலகை எழுதிவைத்திருக்கும் உணவகங்கள் இன்றும் அதையே பின்பற்றுகின்றன. அங்கு பரிமாறப்படும் பூசணியும் உருளைக்கிழங்கும் எந்த மண்ணில், எதைத் தின்று வளர்ந்தன என்று கேட்பவர் எவருமில்லை.

மற்ற மரபுகள் வெங்காயத்தை வேறு காரணங்களுக்காக ஒதுக்கின அல்லது கட்டுப்படுத்தின. சமணம் மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு, பூண்டு வகைகளை ஒரே உடலில் எண்ணற்ற உயிர்கள் தங்கும் பொருள்கள் எனக் கருதி விலக்குகிறது. அதன் கணக்கில் குற்றம் உண்பவரின் உடலில் ஒட்டும் அழுக்கன்று, உண்பதற்காகப் பிறவுயிர்க்கு இழைக்கப்படும் தீங்கு. கீழக்கரை, தேவிபட்டினம், பெரியபட்டினம் என இக்கடற்கரை நெடுகிலும் வாழும் முஸ்லிம்களின் மரபிலோ வெங்காயம் ஆகுமானதே. பச்சையாகத் தின்றுவிட்டு அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வந்து அருகில் தொழுபவரை வருத்தக் கூடாது என்பதே நபிமொழித் தொகுப்புகளில் காணப்படும் கட்டுப்பாடு. மேலும், குர்ஆன் உணவைக் குறித்துப் பேசும்போது ஹலால் என்பதோடு தய்யிப் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. முதலாவது அனுமதிக்கப்பட்டது, இரண்டாவது நல்லது, தீங்கற்றது. அனுமதிக்கப்பட்ட பொருள் ஒன்று தீங்கற்றதாக இல்லாமல் போகலாம் என்ற இடைவெளியை இந்த இரட்டை அளவுகோல் ஒப்புக்கொள்கிறது. சமணத்தின் காரணத்திலும் இஸ்லாத்தின் காரணத்திலும் பிறரே மையமாக இருப்பது கவனிக்கத்தக்கது. தன் தூய்மையைக் காத்துக்கொள்வதற்காக மட்டும் வெங்காயத்தை ஒதுக்குவது அவற்றின் நோக்கமன்று.

இனி வயலுக்கு வரலாம். வெங்காயப் பாத்தியில் களையாக முளைத்துப் பிடுங்கி எறியப்படுவனவற்றுள் அருகம்புல் ஒன்று. அது பிள்ளையாருக்கு உகந்தது. கோரை மற்றொன்று; அதன் கிழங்கு சித்த மருத்துவத்தில் இடம்பெறுவது. சாரணை மூன்றாவது, பஞ்ச காலத்தில் கீரையாகக் கடைந்து உண்ணப்பட்டது. சாமிக்கு ஏற்றதைப் பிடுங்கி வரப்பில் வீசிவிட்டுச் சாமிக்கு ஆகாததற்கு நீர் பாய்ச்சுவதே வெங்காய வேளாண்மை. ஆகவே களை என்பது எந்தச் செடியின் பிறவிக் குணமும் அன்று, மனிதர் வகுத்த வரிசையில் அது முளைத்த இடமே அதைக் களையாக்குகிறது. இனத்தால் தூயது, இனத்தால் தூயதல்லாதது என்ற பாகுபாடு ஒரு முழ அகலப் பாத்திக்குள்ளேயே நிலைகொள்ளாமல் போய்விடுகிறது.

வெங்காயத்துக்கு ஏன் இவ்வளவு களைப் பயம் என்பதற்குக் காரணம் அதன் உடலமைப்பில் உள்ளது. அதன் தாள் உருளையாக, உள்ளே கூடாக, நேரே மேல்நோக்கி வளர்வதால் மண்ணில் நிழல் விழுவதில்லை. நிழல் இல்லாத ஈரமண்ணில் களைவிதைகள் ஒன்றுவிடாமல் முளைக்கின்றன. வேர்களோ மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே நின்றுவிடுவதால், போட்ட உரத்தைக் களை முந்திக்கொண்டு எடுத்துக்கொள்கிறது. நட்டதிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மாதம் களையை அடக்காவிட்டால் காய் திரளாது. இந்த ஒன்றரை மாதத்துக்குள்தான் பெண்களின் முதுகும் களைக்கொல்லியும் போட்டியிடுகின்றன. குத்தவைத்து உட்கார்ந்து, இடக்கையால் வெங்காயத் தாள்களை ஒதுக்கிப் பிடித்து, வலக்கையில் உள்ள களைக்கொத்தால் வேரோரம் மண்ணைக் கீறி, முக்கோணத் தண்டு தட்டுப்படும் கோரையை விரல்நுனியாலேயே அறிந்து பிடுங்கும் அந்த வேலை, பார்ப்பவருக்குத் தோன்றுவதைவிட நுட்பமானது: கொத்து சற்று ஆழமாக இறங்கினால் வெங்காய வேர் அறுபடும், மேலோடு போனால் கோரையின் தழை மட்டும் கையோடு வர, மண்ணுக்குள் சங்கிலியாகக் கிடக்கும் கிழங்குகள் மறுவாரமே மீண்டும் முளைவிடும்.

இந்த வேலைக்குக் கூலியாள் கிடைப்பதும் கூலி கட்டுபடியாவதும் அரிதாகிவரும்போது, நட்ட சில நாள்களுக்குள் ஈரமண்ணின்மேல் தெளிக்கும் பெண்டிமெத்தலின், ஆக்சிபுளோர்பென் போன்ற முளைப்பதற்கு முந்தைய களைக்கொல்லிகள் வந்து நின்றன. இவை மண்ணின் மேற்பரப்பில் மெல்லிய படலமாகத் தங்கி, முளைத்து மேலே வரும் களைக்குருத்தை அழிக்கின்றன. கோரையை இவை அவ்வளவாக அடக்குவதில்லை. எனவே தெளித்த வயலிலும் ஒருமுறை கைக்களை எடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. தெளிப்பு இடுப்பொடியும் உழைப்பில் ஒரு பகுதியைக் குறைக்கிறது என்பதை மறுத்து, களைக்கொல்லி முழுவதும் பாவம் என்று நிழலில் அமர்ந்து தீர்ப்பெழுதுவது நேர்மையாகாது. அப்படி எழுதுபவர் வெயிலில் ஒரு பாத்தியையேனும் களையெடுத்துப் பார்த்தவராக இருக்கமாட்டார்.

உரத்தின் கதை வேறு. இறவைச் சின்ன வெங்காயத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது எக்டேருக்கு 25 டன் தொழு உரமும், அடியுரமாகத் தழைச்சத்து 30 கிலோ, மணிச்சத்து 60 கிலோ, சாம்பல்சத்து 30 கிலோவும், முப்பதாம் நாளில் மேலுரமாக மீண்டும் 30 கிலோ தழைச்சத்தும் ஆகும். தழைச்சத்து என்பது இலையையும் தாளையும் வளர்க்கும் நைட்ரசன்; யூரியாவில் அது நூற்றுக்கு 46 பங்கு இருப்பதால் மேலுரத்தின் 30 கிலோவுக்கு ஏறத்தாழ 65 கிலோ யூரியா போதும். ஆனால் 45 கிலோ யூரியா மூட்டை மானிய விலையில் 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்போது, மற்ற உரங்கள் அதைவிடப் பலமடங்கு விலை சொல்லும்போது, தாள் கருகருவென்று நிற்பதைக் கண்டு மகிழும் கண் அளவோடு நிறுத்துவதில்லை. மிகுதியான தழைச்சத்து, அதுவும் காய் திரளும் பருவத்தில் இட்டது, வெங்காயத்தின் கழுத்தைத் தடிக்க வைக்கிறது. தடித்த கழுத்து எளிதில் காய்ந்து மூடாது. மூடாத கழுத்தின் வழியே அழுகல் இறங்கி, பட்டறையில் அடுக்கிய வெங்காயம் கெடுகிறது. புலன்வழி வருவதெல்லாம் உணவே என்ற சங்கரரின் விரிந்த பொருள் இங்கு எதிர்பாராத வகையில் பொருந்துகிறது: சந்தையில் பருமனையும் நிறத்தையும் மட்டும் கண்ணால் உண்ணும் வாங்குபவரின் பசியே வயலில் இரண்டாம் மூட்டையை அவிழ்க்க வைக்கிறது.

இனி மூன்றாம் குற்றமாகிய நிமித்த தோஷத்தை எடுத்துக்கொண்டால், அதன் இன்றைய பெயர் எச்சம். தெளித்த மருந்தில் அறுவடைக்குப் பின்னும் பொருளில் தங்கும் பகுதிக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஒவ்வொரு மருந்துக்கும் பயிருக்கும் உச்ச வரம்பு வகுத்துள்ளது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குமுறைகள் இவை. கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாள்கள் காத்திருப்புக் காலம் எனப்படும். இந்த அளவுகோலில் வெங்காயம் நன்றாகவே தேறுகிறது. உண்ணும் பகுதி மண்ணுக்குள் இருக்கிறது, மேல்தோல் உரிக்கப்படுகிறது, களைக்கொல்லியோ பயிரின் இளம்பருவத்திலேயே தெளிக்கப்பட்டுவிடுகிறது. எனவே எச்ச ஆய்வுகளில் உலகெங்கும் குறைந்த எச்சமுள்ள காய்கறிகளின் வரிசையிலேயே வெங்காயம் வருகிறது. இலைப்பேனுக்குப் பூச்சிக்கொல்லி தெளித்த மறுவாரமே தாளைப் பறித்துக் கட்டி விற்றால் அது வேறு. வெங்காயத்தாள் மருந்தை நேரே வாங்குவது. உலர்ந்து பட்டறைக்கு வந்த காயைப் பொறுத்தவரை, உண்பவரின் அச்சத்துக்கு இடம் குறைவு.

வெங்காயத்தால் அண்மையில் மக்கள் நோயுற்ற பெரிய நிகழ்வுகளில் காரணமாக நின்றது வேதிப்பொருளன்று, கிருமி. 2020இல் அமெரிக்காவில் வெங்காயத்தின் வழியே பரவிய சால்மோனெல்லா ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்தது. 2024இல் அங்கு விரைவுணவகங்களில் நறுக்கிப் பரிமாறிய பச்சை வெங்காயத்தோடு ஈகோலி என்னும் குடற்கிருமித் தொற்று தொடர்புபடுத்தப்பட்டது. பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயத்தைப் பச்சையாகக் கடித்துக்கொள்ளும் நாட்டில் இச்செய்தி அற்பமானதன்று. பாசன நீரும் பச்சைச் சாணமும் இக்கிருமிகள் வரும் வழிகள். ராமநாதபுரத்துக் கீதாரிகள், அதாவது செம்மறி மந்தைகளை ஊர்விட்டு ஊர் ஓட்டிச் சென்று வயல்களில் கிடை போடும் இடையர்கள், தரிசில் இரவெல்லாம் ஆடுகளை அடைத்துப் பெறும் புழுக்கையும் மூத்திரமும் இம்மண்ணுக்குக் கிடைத்த அருமையான உரம். ஆயினும் நடவுக்கு நெடுநாள் முன்பே கிடை போட்டு உழுதால்தான் அது மக்கிப் பாதுகாப்பாகிறது. மண்ணைத் தொட்டு விளையும் பொருளுக்குப் பச்சைச் சாணம் இட்டால் அறுவடைக்கு முன் 120 நாள் இடைவெளி வேண்டும் என்று அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதியே கூறுகிறது. சின்ன வெங்காயத்தின் வயது அதைவிடக் குறைவு. சாணம் என்பதால் தூய்மை, மூட்டை உரம் என்பதால் தீட்டு என்ற புதிய நம்பிக்கை, பழைய ஜாதி தோஷமே வேறு வேடத்தில் திரும்பி வந்ததாகும்.

இதற்கு இக்கடற்கரையிலேயே ஒரு சான்று உண்டு. மண்டபம் கடலில் மூங்கில் மிதவைகளில் பெண்கள் வளர்க்கும் கப்பாபைகஸ் என்னும் கடற்பாசியைப் பிழிந்து எடுக்கும் சாறு, பயிருக்கு இலைவழியாகத் தெளிக்கும் ஊக்கியாக விற்கப்படுகிறது; மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் அதற்கான முறையை வகுத்தது. இயற்கையான பொருள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிலிப்பைன்சிலிருந்து வந்த அந்தப் பாசி, வளர்ப்பிடத்தை விட்டு வெளியேறிக் குருசடைத் தீவின் பவளப்பாறைகளின்மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். வயலுக்கு நன்மை தருவதாலேயே அது கடலுக்கும் நன்மை தந்துவிடும் என்று கொள்ள இடமில்லை.

உண்பவரின் தட்டில் குற்றம் இல்லையென்றால் குற்றம் எங்கே போகிறது என்ற கேள்விக்குப் பாக் நீரிணையின் அக்கரையில் தெளிவான விடை கிடைக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில், குறிப்பாக வலிகாமத்துச் செம்மண்ணில், சின்ன வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிணற்றுப் பாசனத்தில் பல தலைமுறைகளாகச் செழித்து விளைகின்றன. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கில்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் துளைகளில் இறங்கித் தேங்கும் நீரே குடிப்பதற்கும் பாசனத்துக்கும் உரியது. யூரியாவின் தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட்டை மண்துகள்கள் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. பாய்ச்சும் நீரோடு அது கீழே இறங்கி, இறைத்த கிணற்றுக்கே திரும்பி வருகிறது. 1980களிலிருந்தே அங்கு நடந்த ஆய்வுகள் பல கிணறுகளில் நைட்ரேட்டு உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தாண்டியிருப்பதைக் காட்டியுள்ளன. உரத்தோடு மலக்குழிகளின் கசிவும் அதற்குக் காரணம். அந்த வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். இந்தியக் குடிநீர்த் தரம் 45 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதம் நிரம்பாத குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக் கூடும். அந்த வெங்காயத்தைக் கொழும்பில் வாங்கி உண்பவருக்கு ஒன்றும் ஆகாது. வெங்காயத்தை ஒரு கீற்றும் உண்ணாத கைக்குழந்தை, அதை விளைவித்த வீட்டின் கிணற்றால் ஆபத்துக்கு ஆளாகிறது.

இக்கரையின் மண் வேறு என்பதையும் சொல்ல வேண்டும். கமுதிப் பக்கத்துக் கரிசல், களிமண் மிகுந்தது. நீர் அதில் மெதுவாகவே இறங்கும். எனவே யாழ்ப்பாணத்துக் கணக்கை அப்படியே இங்கு பொருத்த முடியாது. இங்கு அஞ்ச வேண்டியது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மேல்மண்ணோடு அரித்து ஓடும் நீரை. பெண்டிமெத்தலினும் ஆக்சிபுளோர்பெனும் மண்துகளை இறுகப் பற்றிக்கொள்வதால் நிலத்தடி நீருக்குள் எளிதில் இறங்குவதில்லை. ஆனால் மண்ணோடு மண்ணாகக் கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்தால் அவை மீனுக்கும் நீர்வாழ் சிற்றுயிருக்கும் மிகக் கொடிய நஞ்சு. கண்மாய் அழியும் மாசியில் ஊரே இறங்கி மீன்பிடிக்கும் வழக்கமுள்ள நாட்டில், வெங்காயத்தில் இல்லாத குற்றம் கெண்டையில் தென்படக் கூடும். மணற்பாங்கான கடலோரத்திலும் ராமேசுவரம் தீவிலும் நிலைமை யாழ்ப்பாணத்தை ஒத்தது: மழைநீர் மணலிலும் பவளக்கல்லிலும் இறங்கி, கடலின் உப்புநீர்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலமாகத் தங்குகிறது. ராமநாதசுவாமி கோவிலுக்குள் கடலுக்கு இவ்வளவு அருகே இருந்தும் இருபத்திரண்டு தீர்த்தங்களில் நல்ல நீர் ஊறுவது இந்த ஏற்பாட்டினால்தான். அடியார்கள் அதில் பாவம் தொலைகிறது என்று வாளிவாளியாக நீராடுகின்றனர். அந்தப் படலம் மேலிருந்து எது விழுந்தாலும் வாங்கிக்கொள்ளும் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இப்போது எஞ்சியிருப்பது இரண்டாம் குற்றம். ஆசிரய தோஷம் என்ற கருத்து நடைமுறையில் என்னவாயிற்று என்பது எல்லோரும் அறிந்தது: யார் கையால் சோறு வாங்கலாம், யார் கையால் கூடாது என்று பிறப்பை வைத்துக் கோடு கிழித்த தீண்டாமைக்கு அது சாத்திரத் துணையாயிற்று. 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் வந்திறங்கி, சேதுபதி மன்னர் பாஸ்கரரால் வரவேற்கப்பட்டு, மறுநாள் ராமேசுவரம் கோவிலில் உரையாற்றிய விவேகானந்தர், எளியவரிடத்தும் நோயுற்றவரிடத்தும் சிவனைக் காண்பதே உண்மை வழிபாடு என்றார். பின்னர் மானாமதுரை வரவேற்பில், இந்நாட்டுச் சமயம் சமையலறைக்குள் புகுந்து தொடாதே என்ற ஒரே விதியாகச் சுருங்கிவிட்டதைக் கடுமையாகச் சாடினார். மூன்று தோஷங்களை விளக்கிய அதே அறிஞர் அவற்றின் சீரழிவையும் கண்டுரைத்தது குறிக்கத்தக்கது. ஆனால் அவரும் அக்கருத்தின் திசையை மாற்றவில்லை. குற்றம் தருபவரிடமிருந்து உண்பவருக்கு வருகிறது என்பதே அதன் அடிப்படை.

வெங்காய வயல் காட்டுவது அதற்கு நேர்மாறான திசையை. உண்பவரின் தேவையும் விலையும் கண்ணாசையும் வயலுக்குப் போகின்றன. அவற்றின் தீங்கு தெளிப்பவரிடத்தும் கிணற்றிடத்தும் தங்கிவிடுகிறது. தூய்மையான காய் மட்டும் உண்பவரிடம் திரும்பி வருகிறது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த தொழிலாளர் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அந்தப் பருத்தியில் நெய்த துணியை உடுத்தியவர் எவருக்கும் தும்மல்கூட வந்திருக்காது. தெளிப்பவருக்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்று 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள் சொல்கின்றன. பங்குனி வெயிலில் முதுகில் தெளிப்பானைச் சுமந்து வெறுங்காலோடு நடப்பவரிடம் அந்த விதி போய்ச் சேர்வதில்லை. இந்நிலையில் ஆசிரய தோஷம் என்ற சொல்லுக்கு நியாயமான பொருள் ஒன்றுதான் இருக்க முடியும்: உணவு யாரைச் சார்ந்து வருகிறதோ அவருக்கு நேர்ந்த தீங்கு, அவருடைய குலம் அன்று.

சடங்குச் சொல் ஒன்றை வேளாண்மைக்கு இழுத்து நீட்டுவது முறையா என்று கேட்கப்படலாம். ராமானுசர் யூரியாவைக் கருதியிருக்க முடியாது என்பது வெளிப்படை. ஆயினும் அவர் உணவுக் கட்டுப்பாட்டை விவேகம், அதாவது பகுத்தறிதல், என்ற தலைப்பின் கீழேயே வைத்தார். பகுத்தறிவதற்கு வேண்டிய செய்தி பெருகும்போது பகுப்பும் விரிவது அக்கருத்துக்கு முரணாகாது. சமணத்தின் காரணம் இவ்விரிவுக்கு மேலும் நெருக்கமானது. ஆனால் கிழங்குக்குள் உள்ள உயிர்களை எண்ணிய நுண்மை, கிழங்கைச் சுற்றி மடியும் உயிர்களை எண்ணுவதுவரையும் போக வேண்டும். வெங்காயத்தைத் துறந்து, அதே வயலில் அதே யூரியாவில் விளைந்த பூசணியை உண்பவர் கணக்கைப் பாதியில் நிறுத்தியவராவார்.

செயற்கை உரத்தை முற்றத் துறப்பதும் தீர்வன்று. இலங்கை அரசு 2021 மே மாதம் செயற்கை உரங்களின் இறக்குமதியை ஒரே ஆணையால் தடைசெய்தது. உழவர்களிடம் மாற்று உரமும் இல்லை, மாறுவதற்குக் காலமும் தரப்படவில்லை. நெல்லும் தேயிலையும் விழுந்தன. நவம்பரில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. நாடு முழுவதையும் ஒரு நாளில் தூய்மைப்படுத்திவிட முயன்ற அந்த விரதத்தின் செலவை ஏற்றது ஆணையிட்டவர்களல்லர், சேற்றில் நின்றவர்கள்.

ராமநாதபுரத்துக் கிராமங்கள் தூய்மைக்கு வேறொரு முன்மாதிரியை நெடுங்காலமாக வைத்திருக்கின்றன. குடிநீருக்கென்று வெட்டிய ஊருணியில் கால் நனைக்கக் கூடாது, மாடு இறக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்பது அங்கு எழுதாத சட்டம். அதை மீறுபவர் சாமி குத்தத்துக்கும் ஊரார் ஏச்சுக்கும் ஒருங்கே ஆளாவார். இவ்விதி குடிப்பவர் ஒவ்வொருவரின் தனிச்சுத்தத்தைப் பற்றியதன்று, எல்லோருக்கும் பொதுவான நீரைப் பற்றியது. அதனால்தான் குடிநீர்க் குழாய் வந்த பின்பும், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி நீர் தேடும் ஊர்களில் அது சாகாமல் இருக்கிறது. ஊருணியின் கரையோடு நின்றுவிட்ட அவ்விதியை அதன் வரத்துக்கால் பாயும் காடுவரை நீட்டுவது ஊர்க்கூட்டத்தால் ஆகக் கூடியது: வரத்துக்கால் ஓரப் பாத்திகளுக்கு மழைக்கு முந்தைய நாளில் மருந்தடிக்காமலும், யூரியாவை ஒரே வீச்சில் கொட்டாமல் அளவாகப் பிரித்தும் இடுவது.

கோவில்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிரசாதமும் அன்னதானமும் சுகாதாரமாகத் தயாரிக்கப்படுகின்றனவா என்று பார்த்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் போக் என்னும் சான்றிதழை வழங்குகிறது. தமிழகக் கோவில்கள் பல அதைப் பெற்றுள்ளன. பாத்திரம், தண்ணீர், சமைப்பவரின் உடல்நலம் ஆகியவை அதில் சோதிக்கப்படுகின்றன. சோதனை மடைப்பள்ளி வாசலோடு முடிந்துவிடுகிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறிடும் ஒரு கோவில் நிர்வாகம் தனக்குக் காய்கறி தரும் உழவர்களிடம், கடைசியாக மருந்தடித்தது எப்போது, அடித்தவருக்குக் கையுறை இருந்ததா, கிணற்று நீரில் நைட்ரேட்டு எவ்வளவு என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, நீரைச் சோதிக்கும் செலவைத் தானே ஏற்கலாம். மடைப்பள்ளிக்குள் வெங்காயம் வராமலிருப்பது ஆகம வழக்கு. அது அப்படியே இருக்கட்டும். உள்ளே வருகிற கத்தரிக்கும் பூசணிக்கும் அரிசிக்கும் இக்கேள்விகளை அறங்காவலர்கள் இந்த ஆண்டே கேட்கத் தொடங்க வேண்டும்.